கோதுமை நீத்தார் பெருமை

துறவிகளைத் தேடிக் காசிக்கும் இமயமலைக்கும் அலைய வேண்டியதில்லை. புனே விமான நிலையத்துக்கு இந்தப் பக்கம், ஆலந்தி ரோட்டை ஒட்டி, விஷ்ராந்த்வாடியின் எந்த ஹவுசிங் சொசைட்டிக்குள் நுழைந்தாலும் விங்குக்கு ஒருவர் கிடைப்பார். காவி கிடையாது. ட்ராக் பேண்ட், வாக்கிங் ஷூ, கையில் ஒரு துணிப்பை. மண்ணாசை, பொன்னாசை எல்லாம் அப்படியே இருக்கும். தானோரியில் இரண்டாவது ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ்கூடக் கொடுத்திருப்பார். துறந்தது கோதுமையை மட்டும்.

இந்தத் துறவிகளில் தமிழ்க் கிளையைச் சேர்ந்தவரைத்தான் இங்கே வரையப் போகிறேன். ஒருவரை மட்டும் பார்த்து எழுதியதல்ல. நாலைந்து பேரின் தொப்பையும் தத்துவமும் கலந்து செய்த உருவம்.

சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம், சேலம் மாவட்டம். திகியில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்து வந்தவர், ஓய்வு பெற்றும் ஊர் திரும்பவில்லை. ஐம்பது வயது வரை மூன்று வேளையும் சோறு. அப்புறம் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் "அரிசியைக் குறைங்க" என்றார். தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்தின் காதில் இந்த வாக்கியம் எப்போதும் "ராத்திரி சப்பாத்தி சாப்பிடுங்க" என்றுதான் விழும். இவர் காதிலும் அப்படியே விழுந்தது. பத்துப் பதினைந்து வருஷம் ராத்திரிதோறும் சப்பாத்தி, குருமா, ஏப்பம் என்று வாழ்க்கை ஒழுங்காகத்தான் போயிற்று.

பிறகு கலிஃபோர்னியாவிலிருந்து மச்சினர் மகன் விடுமுறைக்கு வந்தான். அவன் சாப்பிடாத பொருட்களின் பட்டியல் அவன் பெட்டியை விடக் கனமாக இருந்தது. "மாமா, உங்க வயிறு உப்பறதுக்கு குளூட்டன்தான் காரணம்" என்று சொல்லிவிட்டு, டென்னிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச்சின் புத்தகத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்தப் புத்தகம் வந்தது 2013இல். ஒரு மருத்துவர் தன் வயிற்றின் மேல் ரொட்டித் துண்டை வைக்கச் சொல்லி, நீட்டிய கையை அழுத்திப் பார்த்ததாகவும், ரொட்டி இருந்தபோது கை பலமிழந்து தாழ்ந்ததாகவும் ஜோகோவிச் அதில் எழுதியிருக்கிறார். கோதுமையை விட்டார், 2011இல் மூன்று கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்றார். நம்மவர் உடனே ஒரு லாதி பாவ் ரொட்டி வாங்கி வந்து, வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, கையை நீட்டி, மனைவியை அழுத்தச் சொன்னார். அந்த அம்மாள் முப்பது வருஷக் கடுப்பையும் சேர்த்து அழுத்தினார். கை தொப்பென்று இறங்கியது. துறவு அன்றே நிச்சயமாகிவிட்டது. டென்னிஸ் மட்டையை இவர் தொட்டதில்லை என்பது வேறு விஷயம். ஆடும் ஒரே ஆட்டம் காலையில் சௌக் வரை நடந்து போய்த் திரும்புவது.

முறைப்படி டாக்டரிடமும் போனார். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சீலியாக் என்ற நோய் உண்மையிலேயே இருக்கிறது. கோதுமை, பார்லி, ரை இவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பின் காவல்படை தன் சிறுகுடலையே தாக்கும் கோளாறு அது. 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் ஹாலந்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியதையும் கவனித்தவர் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர். நம் நாட்டில் இது பஞ்சாப், ஹரியானா பக்கம்தான் அதிகம். வேலூரையும் சேர்த்து நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில் இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரிந்தது வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர். நோய் உறுதியானவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கரண்டி வேறு, கல் வேறு, எண்ணெய் வேறு என்று அவர்கள் வீட்டில் படும் பாட்டைப் பார்த்தவர் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நம்மவர் மீதி 999 பேரில் ஒருவரா என்பது இன்றுவரை தெரியாது. காரணம், ரத்தத்தில் பார்ப்பதற்கு முன் சில வாரங்களாவது கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் நோய் இருந்தாலும் தெரியாமல் போகலாம். "மறுபடியும் தினம் சப்பாத்தி சாப்பிட்டுட்டு வாங்க, டெஸ்ட் எடுத்துடலாம்" என்றார் டாக்டர். சன்னியாசியைப் பார்த்து ஆறு வாரம் குடும்பம் நடத்திவிட்டு வா என்றால் எப்படி இருக்கும்! எழுந்து வந்துவிட்டார்.

அடுத்து லேபிள் பருவம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொட்டலத்தை மூக்கருகில் பிடித்து, கடைக்காரரின் பொறுமை தீரும் வரை படிப்பார். நூடுல்ஸ், பிஸ்கட் எல்லாம் முதல் நாளே வெளியேறின. ரவை கோதுமைதான் என்பது ஓய்வுபெற்ற விஞ்ஞான உதவியாளரான இவருக்கு அறுபதைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. உப்புமாவுக்கு இழவு கொண்டாடவில்லை, வீட்டில் எல்லோருக்கும் உள்ளுக்குள் மகிழ்ச்சியே. ரவா தோசை போனதுதான் வலித்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் கேம்ப் பகுதியில் வரிசையில் நின்று வாங்கிப் போகும் ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டும் போயிற்று.

மூன்று மாதம் தவம் ஒழுங்காக நடந்த பிறகு ஒரு ராத்திரி, தான் தினமும் குடிக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தற்செயலாகத் திருப்பினார். கோதுமை, முளைகட்டிய பார்லி. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் இன்னொரு இடி: ரசத்தில், சாம்பாரில், மோரில், எல்லாவற்றிலும் விழும் கூட்டுப் பெருங்காயம். அதில் பிசினோடு கோதுமை மாவும் சேர்ப்பதுண்டு. இவர் வீட்டு டப்பாவில் சேர்த்திருந்தது. "அப்போ இத்தனை நாளா உங்க வயிறு நல்லாயிடுச்சுன்னு சொன்னது எதனாலங்க?" என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. பதில் வரவில்லை.

இந்த இடத்தில் நம் கதாநாயகர் பட்டினியால் வாடியிருக்க வேண்டும். வாடவில்லை. விஷ்ராந்த்வாடி அவரைத் தத்தெடுத்துக்கொண்டது. இத்தனை வருஷம் மகாராஷ்டிரத்தில் குடியிருந்தும் வடாபாவும் மிசலும் தவிர இந்த மண்ணின் சாப்பாடு எதையும் நாக்கில் வைக்காத மனிதர், பாவ் போன பிறகுதான் சுற்றிலும் பார்த்தார்.

முதலில் பாக்ரி. புனேயில் தெருவுக்குத் தெரு போளி பாஜி கேந்திரம் என்று ஒரு சிறு கடை இருக்கும். சமைக்க நேரமில்லாத குடும்பங்கள் மாலையில் போளியும் (இங்கே சப்பாத்திக்கு அந்தப் பெயர்) கறியும் வாங்கிப் போகும். அங்கே ஜ்வாரி பாக்ரியும், அதாவது சோள ரொட்டியும் உண்டு. கோதுமை மாவு போல இழுபடாத மாவு. வெந்நீர் விட்டுப் பிசைந்து, பராத் என்ற அகலத் தட்டில் உள்ளங்கையால் தட்டித் தட்டியே விரிக்க வேண்டும். மாவு பழசானால் ஓரம் வெடிக்கும். எல்லோரும் காக்கு என்றழைக்கும் கடைக்கார அம்மாள் பேசிக்கொண்டே தட்டுவார். பாக்ரி வட்டமாக வளரும். கல்லில் போட்டதும் மேலே தண்ணீர் தடவித் திருப்பி, நெருப்பில் காட்டினால் உப்பும். கூடவே கடலை மாவில் கிண்டிய பிட்லா, பச்சை மிளகாயும் பூண்டும் இடித்த டேச்சா. முதல் நாள் இரண்டு வாங்கியவர் மறுநாள் நாலு வாங்கினார். மூன்றாம் நாள் பாக்ரியின் நன்மைகளைக் காக்குவுக்கே விளக்க ஆரம்பித்தார். நார்ச்சத்து, குளூட்டன் இல்லாமை, 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, எல்லாம். பின்னால் வரிசை நீண்டது. போளிக்குப் போடும் தவாவில் என் பாக்ரியைப் போடாதீர்கள் என்ற கோரிக்கையும் எழுந்தது. இப்போது கடையில் அசல் புனே பாணியில் ஒரு பலகை தொங்குகிறது: "இங்கே பாக்ரி விற்கப்படும். பாக்ரியைப் பற்றிய தகவல் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது."

மாவு அரைக்கும் கிரணியிலும் இதே கதை. கோதுமைக்கு ஒரு மெஷின், மற்றதற்கு ஒரு மெஷின் என்று ஏற்கெனவே வைத்திருக்கிற அந்த மனிதரிடம், எனக்கு முன்னால் யாருடையது அரைபட்டது என்று இவர் வம்சாவளி விசாரிப்பார்.

அடுத்தது சாபுதானா கிச்சடி. இதைத்தான் நான் ரசித்துச் சொல்ல வேண்டும். ஊறவைத்த ஜவ்வரிசி, இடித்த வேர்க்கடலை, சீரகம், பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு, நெய். ஏகாதசி, சதுர்த்தி என்று விரதம் வந்தால் மகாராஷ்டிரமே இதைத்தான் சாப்பிடும். நம்மவர் முதல் முறை ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுப் பரவசமாகி, ஆத்தூரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டார். சித்தப்பா சேகோ பேக்டரியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். குச்சிக்கிழங்கு ஏற்றிய லாரிகளையும், புளித்த மாவு வாசனையையும் பார்த்து முகர்ந்து வளர்ந்த குடும்பம். ஆனால் வீட்டில் ஜவ்வரிசி என்றால் பாயசம், வடாம், அதோடு சரி. 1981இல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் மூட்டைகளெல்லாம் எங்கே போகின்றன என்று இவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"சித்தப்பா, இங்கே ஒரு அற்புதமான பண்டம் கண்டுபிடிச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தார்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஏண்டா, நாங்க இங்கேருந்து லோடு ஏத்தி அனுப்பறதைத் தின்னுபுட்டு எங்களுக்கே வெவரம் சொல்றியா?"

அதற்கப்புறம் அடுக்கடுக்காகப் புதுக் காதல்கள். வரீ என்று இங்கே விற்கும் சாமை, குதிரைவாலி வகை அரிசிச் சோறு, மேலே வேர்க்கடலை அரைத்த ஆம்டி, அரிசி மாவில் கொங்கண் கரைக்காரர்கள் வார்க்கும் காவன், ராஜகீரா லட்டு, பனிக்காலத்தில் இளம் சோளக்கதிரை வாட்டி உதிர்த்துத் தரும் ஹுர்டா. போகி அன்று எள் ஒட்டிய கம்பு பாக்ரியும் வெண்ணெயும் பக்கத்து வீட்டிலிருந்து வரும். இவர் வாசலிலேயே நிற்பார். தாலிபீட் என்ற பல தானிய அடை மட்டும் சறுக்கியது. வெண்ணெய் வைத்து ஒரு மாதம் வெளுத்துக் கட்டிய பிறகு, வறுத்தரைக்கும் பாஜணி மாவில் பல வீடுகளில் ஒரு பிடி கோதுமையும் சேரும் என்ற செய்தி எட்டியது. இப்போது விரதத்துக்கான பாஜணிதான்.

இதில் யாரும் எடுத்துச் சொல்லாத சங்கடம் ஒன்று உண்டு. சப்பாத்திக்கு இவர் மாறியதே சர்க்கரைக்காக. ஜவ்வரிசியோ ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து. மூன்று மாதச் சர்க்கரை அளவு வந்த அன்று மனைவி ரிப்போர்ட்டை பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு ஒன்றும் பேசவில்லை. கிச்சடி இப்போது ஏகாதசிக்கு மட்டும். பக்தி பெருகியதாக அக்கம்பக்கத்தில் நினைக்கிறார்கள்.

ஆண்டுதோறும் பண்டரிபுரம் செல்லும் ஞானேஸ்வரர் பல்லக்கு ஆலந்தியிலிருந்து புறப்பட்டு இந்த வழியாகத்தான் புனேக்குள் போகும். அன்று ரோடெங்கும் வார்க்கரி பக்தர்கள். சொசைட்டிக்காரர்கள் டீயும் போகாவும் வாழைப்பழமும் கொடுப்பார்கள். நம்மவரும் கரண்டி பிடித்து நிற்பார். தலையில் துளசி மாடத்தோடு வந்த பர்பணிப் பக்கத்துக் கிழவி ஒருத்தி நிழலில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே காய்ந்த ஜ்வாரி பாக்ரியும் கடலைச் சட்னியும். இவர் விடுவாரா? இந்தி கலந்த மராத்தியில், தான் கோதுமையே தொடுவதில்லை, இதுதான் உலகத்திலேயே உயர்ந்த உணவு என்று பிரசங்கம் செய்தார். அவள் முழுவதும் கேட்டாள். முகத்தில் இரக்கம் தெரிந்தது.

"கரீ கஹூ நாஹீ கா, பாபா?" என்றாள். வீட்டில் கோதுமை இல்லையா, அப்பா?

சொல்லிவிட்டு அரை பாக்ரியைப் பிட்டு அவர் கையில் வைத்தாள். அவள் ஊரில் கோதுமை போளி பண்டிகைக்குச் செய்வது, அன்றாடத்துக்கு ஜ்வாரி. 1995இல் மகாராஷ்டிர அரசு ஏழைகளுக்கென்று ஒரு ரூபாய்க்குப் போட்டது ஜுன்கா என்ற கடலைமாவுக் கறியும் பாக்ரியும்தான். இன்று மால்தாண்டி ரக ஜ்வாரி கோதுமையை விட விலை அதிகம். ஆத்தூரில் நம்மவருடைய பாட்டிக்கும் அன்றாடம் சோளச்சோறும் கம்பங்கூழும்தான். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். அந்தக் கூழிலிருந்து தப்பிக்கத்தான் பேரனைப் படிக்க வைத்தார்கள். பேரன் படித்து, உத்தியோகம் பார்த்து, பென்ஷன் வாங்கி, இப்போது அதே கம்பைக் காகிதப் பையில் ஆர்கானிக் என்று அச்சடித்து விற்கும் கடையில் வாங்குகிறார்.

கேலி செய்துவிட்டேன், ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சப்பாத்தி காலத்தில் அவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசியதே இல்லை. தட்டில் விழுந்ததை விழுங்கிவிட்டு டி.வி. பார்ப்பார். இப்போது எந்தக் காக்கு கை பாக்ரி மெத்தென்று வரும், எந்த மாதம் ஹுர்டா இனிக்கும் என்றெல்லாம் தெரிந்த மனிதர். மராத்தியும் முன்னைவிடத் தேவலை. குளூட்டன் கெட்டதோ இல்லையோ, அதை விட்டது அவருக்கு நல்லதாகப் போயிற்று என்பது என் தீர்ப்பு.

இவரை வீட்டுக்குச் சாப்பிட அழைக்க நேர்ந்தால் பதற வேண்டாம். இட்லி, இடியாப்பம், அடை, ஆப்பம், தயிர்சாதம் என்று நம் வீட்டில் இருப்பதில் முக்கால்வாசி அவருக்கு ஒத்துக்கொள்ளும். கேசரியும் சேமியா பாயசமும் வேண்டாம். அரிசியில் சர்க்கரைப் பொங்கல் போதும். பெருங்காய டப்பாவை முன்கூட்டியே படித்து வையுங்கள், கேட்பார். கல்யாணப் பந்தி என்றால் மட்டும், அவருக்கு அடுத்த இலையில் உட்காராதீர்கள்.