மொழிநாணியல்: நாக்பூர் தேநீரை முன்வைத்து ஓர் ஆய்வு

புது மொழி கற்பவரின் நாக்கு எந்த எழுத்தில் தடுக்கும் என்பதை அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். யார் முன்னால் தடுக்கும் என்பதை ஆராய்ந்தார் அரியர். அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்களம்: சென்னையிலிருந்து தில்லி செல்லும் கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸின் படுக்கைப் பெட்டி. ஆய்வுக்கு உட்பட்டோர்: இந்திப் பரீட்சை தேறிய தமிழர். ஆய்வுக் கருவி: நாக்பூர் நிலையத்து நடைமேடைத் தேநீர்.

1. கற்றார் இயல்பு

1918இல் சென்னையில் தொடங்கிய தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபையின் பரீட்சைகள் பிராத்மிக், மத்தியமா, ராஷ்ட்ரபாஷா, பிரவேஷிகா, விஷாரத், பிரவீண் எனப் படிப்படியாக ஏறுவன. பரீட்சை ஏற ஏற வாய் திறப்பது இறங்கும் என்பது எம் முதல் முடிபு.

பிராத்மிக் தேறிய சிறுவன் ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, "பாய் சாப், சாய்!" என்று கூவிவிடுகிறான். பிரவீண் தேறியவர் கூவுவதில்லை. தமிழில் தேநீர் அஃறிணை. விவகாரம் அதோடு தீர்ந்தது. இந்தியிலோ தண்ணீர் ஆண்பால், பாலும் ஆண்பால், இரண்டையும் சேர்த்துக் காய்ச்சிய தேநீர் பெண்பால். விலை கேட்பதானாலும் அதற்கேற்ப உருபு மாற வேண்டும். 'கா' போடுவதா, 'கீ' போடுவதா என்று அவர் தெளிவதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது. (வண்டியும் பெண்பாலே.)

பெருமிதம் பிறக்கும் இடம் நான்கனுள் கல்வியை முதலில் வைத்தார் தொல்காப்பியர். அவர் காலத்தில் நாக்பூருக்கு ரயில் இல்லை என்க.

2. நாணின் வகை

நூற்பா:
மொழிவழி நாணம் இருவகைத் தென்ப,
அயலார் முன்னும் அறிந்தார் முன்னும்;
முன்னதிற் பின்னது பெரிதா கும்மே.

உரை: அயலார் என்றது தேநீர் விற்பவரை. அறிந்தார் என்றது எதிர் இருக்கைத் தமிழரை. சிறப்பாக, கூட வந்த மைத்துனரை. விற்பவர் உருபைக் கவனிப்பதில்லை, சில்லறையைக் கவனிக்கிறார். மைத்துனர் உருபை மட்டுமே கவனிப்பார். அவருக்கு இந்தியில் ஓர் எழுத்தும் தெரியாதே எனின், தெரிய வேண்டியதில்லை. முகம் தடுமாறியது கண்ணுக்குத் தெரிந்தால் போதும். மிச்சத்தை ஊருக்குப் போய்ப் பந்தியில் அவரே இட்டுக்கட்டிக்கொள்வார். அச்சத்துக்குத் தெய்வம், விலங்கு, திருடர், அரசன் என நான்கு காரணம் சொன்னது தொல்காப்பியம். ஐந்தாவதாக மைத்துனரைச் சேர்த்தல் வேண்டும்.

தடை: கூச்சம் பிறவிக் குணம் அன்றோ?

விடை: அன்று. அதே பிரவீண் பின்னொரு நாள் தனியே தில்லி சென்று, சாந்தினி சவுக்கில் ஆட்டோக்காரரோடு பத்து ரூபாய்க்காக நடுத்தெருவில் வாதாடினார். ஆண்பாலும் பெண்பாலும் கலந்து பறந்தன. ரூபாய் பத்தும் திரும்ப வந்தது. வெகுளி தோன்றிய இடத்தில், பார்க்க உறவினரும் இல்லாதபோது, இளிவரல் நில்லாது என்பது பெறப்படும்.

3. மேல்நாட்டுச் சான்று

1972இல் அமெரிக்காவில் குயோரா குழுவினர் வெளியிட்ட ஆய்வில், சிறிதளவு மது அருந்தியவர்கள் தாய்லாந்து மொழிச் சொற்களை மேலும் நன்றாக உச்சரித்தார்கள். அளவு கூடியபோது அந்தப் பயன் நிற்கவில்லை. நம்மூர் டாஸ்மாக் வாசலில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. இரவு ஒன்பதுக்கு மேல் ஆங்கிலம் பேசாத குடிமகன் அங்கே அரியன். எனினும் ரயிலில் குடிபோதை தண்டனைக்குரியது ஆதலின் இம்முறையை யாம் பரிந்துரைப்பதில்லை. மது மொழியைக் கற்பிக்கவில்லை, மைத்துனரை மறக்கடிக்கிறது என்ற அளவில் கொள்க.

4. மறுதலைச் சான்று

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்த பீகார் இளைஞர் எந்தச் சபையிலும் பரீட்சை எழுதியவர் அல்லர். சில மாதங்களில், "அண்ணா, அம்மா ஊர்லேர்ந்து வந்தான், ரெண்டு டீ" என்கிறார். பால் பிழைத்தது, டீ பிழைக்காமல் வந்தது. உடன் நிற்கும் அவர் ஊர்க்காரரின் தமிழும் அதே தரத்தது ஆதலின், அங்கே சிரிக்கத் தகுதி உடையார் எவருமில்லை. டீக்கடைக்காரரும் திருத்துவதில்லை, சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் கேட்கிறார்.

5. முடிபும் பரிந்துரையும்

கூச்சம் கற்கும் மொழியில் இல்லை, கூட வருவோரிடம் உள்ளது. ஆதலின் பிரவீணுக்கு மேல் ஏழாவதாக ஒரு பரீட்சை தேவை. தேர்வு மையம் நாக்பூர் நடைமேடை. கால அளவு, வண்டி நிற்கும் நேரம். கண்காணிப்பாளர், தேர்வரின் மைத்துனர். உரக்கக் கேட்டுத் தேநீர் வாங்கியவர் பால் பிழைத்தாலும் முதல் வகுப்பு. உருபைச் சரியாக மனத்துக்குள் சொல்லிக்கொண்டு வறண்ட தொண்டையோடு இருக்கைக்குத் திரும்பியவர் மறுமுறை எழுதலாம். டிக்கெட் செலவு அவருடையது.