நீலத்திரை ஆசை

கேள்வி: வேர்டில் வெள்ளைத் திரை கண்ணைக் கூசுகிறது. அந்தக் காலத்து நீலத்திரையும் வெள்ளை எழுத்தும் இப்போது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். 1989-இல் வந்த வேர்ட்பெர்ஃபெக்ட் 5.1 மென்பொருளின் நீலத்துக்குப் பழகிய கண்கள் ஏராளம். வேர்டும் 2007 பதிப்புவரை அதற்கென்றே ஒரு வசதி வைத்திருந்தது, 2010-இல் எடுத்துவிட்டார்கள். எடுத்திருக்கவே கூடாது! இப்போது ‘டிசைன்’ பகுதியில் ‘பேஜ் கலர்’ போய்க் கருநீலம் கொடுங்கள். எழுத்து நிறத்தைத் தொடாதீர்கள். அது ‘ஆட்டோமேட்டிக்’கில் இருந்தால் திரையில் தானாக வெளுக்கும், தாளில் கறுப்பாகவே அச்சாகும். நீங்களே வெள்ளை கொடுத்துவிட்டுக் கல்யாணப் பத்திரிகையை பிரிண்ட் எடுத்தால், மாப்பிள்ளை, பெண் இருவருமே மாயமாகிவிடுவார்கள். பக்க நிறம் கோப்போடு சேர்ந்தே போகும். அனுப்புமுன் ‘நோ கலர்’ கொடுத்துவிடுங்கள், பெறுபவருக்கும் கண் இருக்கிறது.