ஜால்ரா யார் கையில?

வாடா பேராண்டி, உக்காரு. நேத்து ராத்திரி உன் ரூம்லேந்து வந்த சத்தத்துல, மீனம்பாக்கத்துல எறங்க வேண்டிய பிளேன் நம்ம மொட்ட மாடில எறங்கிடுச்சோன்னு உங்க பாட்டி டார்ச்ச எடுத்துக்கிட்டு மேல கெளம்பிட்டா. நான்தான் நிறுத்தினேன். பிளேன் இல்லடி, உன் பேரன் சங்கீதம் பண்றான்னேன். அதுக்கு பிளேனே தேவலன்னுட்டு போய்ப் படுத்துட்டா.

அவ கெடக்கா, உடு. நீ பண்ணது நல்ல காரியம். இருநூறடி ரோட்டுல தெனம் தொரப்பாக்கம் போய் வந்து சம்பாதிச்ச காச நெலம், நகைன்னு வீணாக்காம, சீமைலேந்து தகடு தகடா வரவழைச்சு அடுக்கி வச்சிருக்க பாரு, அதுக்கு ஒரு மனசு வேணும். மாடுலர் சிந்தசைசராம். அதுல சீக்வென்சர் ஒண்ணு. பக்கத்துல டிரம் மெஷின், கீபோர்டு ரெண்டு, லேப்டாப்பு. நடுவுல கலர் கலரா வயரு. காலம் பூரா மைக்செட் கட்டினவன் நானு. பம்மல், பொழிச்சலூர், திருநீர்மலத் தேருன்னு எத்தன மரத்துல குழாய் கட்டியிருப்பேன்! எனக்கே அந்த வயரப் பாத்தா கண்ணு இருட்டுது. இவ்வளவு தகடு வாங்கியும் ஒரு பாட்டு வரலயா? கவலப்படாத, இன்னும் நாலு வாங்கு. அப்பவும் வரலேன்னா தப்பு உன்மேல இல்ல, பெட்டி சின்னது. பெருசா வாங்கு.

நம்ம ஊருக்கு கருவி ஆச புதுசில்ல. 1863 மே 30ஆந் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட்டுன்னு ஒரு வெள்ளக்காரரு, மண்ணு பாறையெல்லாம் ஆராயற சர்க்கார் உத்தியோகஸ்தரு, பல்லாவரம் பரேடு கிரவுண்டு பக்கம் குழியிலேந்து ஒரு கல்லப் பொறுக்குனாரு. ஆதி மனுசன் செதுக்கின கைக்கோடாரி. இந்தியாவுல பழைய கற்காலக் கருவின்னு மொத மொத அடையாளம் கண்டது அப்பிடித்தான். அந்த ஆதி மனுசன் ஒத்தக் கல்ல வச்சுக்கிட்டு வெட்டினான், கிழிச்சான், தோண்டினான், வயிறும் ரொம்பிச்சு. உன் பெட்டில குமிழே நூறு இருக்கும் போல. நேத்து நீ வெட்டினது எங்க தூக்கத்த மட்டுந்தான்.

கேக்கறேன்னு கோச்சுக்காத. உன் கூட்டத்துல ஜால்ரா யார் கையில இருக்கு?

சாமி பொறப்பாட்டுல மேளம் பாத்திருக்க இல்ல? நாயனம் ரெண்டு, தவில் ரெண்டு, ஒத்து ஊத ஒருத்தரு, தாளம் போட ஒருத்தரு. தாளம் போடறவரு பேரு நோட்டீசுல இருக்காது. சம்பளமும் கொறச்சல்தான். ஆனா தவில்காரரு எம்மாம் பெரிய வித்துவானா இருந்தாலும், சொல்லு எங்க எங்க சுத்திட்டு வந்தாலும், கடைசில வந்து விழறது அந்த ஜால்ரா மேலதான். உன் ரூம்ல என்ன நடக்குது? டிரம் மெஷின் தனக்குன்னு ஒரு ஜால்ரா வச்சிருக்கு. லேப்டாப்பு ஒண்ணு வச்சிருக்கு. சீக்வென்சரு ஒண்ணு. ஆளாளுக்கு ஜால்ரா, கேக்கறதுக்கு ஆளு இல்ல. அரசியல் கட்சி நடத்தலாம். பாட்டு நடத்த முடியாது.

ஒண்ணுகிட்ட குடு. மத்ததெல்லாம் கேட்டு நடக்கட்டும். டிரம் மெஷினோ லேப்டாப்போ, எதுன்னாலும் சரி, ஒண்ணுதான்.

குடுத்துட்டாலும் தொல்ல தீராது, அதையும் கேட்டுக்க. 1983ல கம்பெனிக்காரனுங்கள்லாம் கூடிப் பேசி மிடின்னு ஒரு பொதுப் பாஷ கொண்டாந்தானுங்க. அதுல ஒரு தட்டுக்கு 24 துடிப்பு. உன் மாடுலர் சீக்வென்சரு துடிப்புக்கு ஒரு படி ஏறும். ஒரு தட்டுக்கு நாலு துடிப்பு வந்தா அதுக்குப் போதும். கோர்க்குக்காரனோட சின்ன வோல்கா டப்பாக்கு ரெண்டே ரெண்டு. பழைய ரோலண்டு பெட்டிக்கு 24, பழைய கோர்க்கு பெட்டிக்கு 48. இதெல்லாம் பாக்காம 24அ அப்பிடியே சீக்வென்சர்ல சொருகினா ஆறு மடங்கு வேகத்துல ஓடும். நேத்து ராத்திரி திடீர்னு தாலி கட்டற நேரத்துக் கெட்டிமேளம் கேட்டுச்சே, அது இதான். நீ அத சோலோன்னு நெனச்சு கண்ண மூடித் தலய ஆட்டிக்கிட்டு இருந்த. நடுவுல ஒரு கிளாக் டிவைடரப் போட்டு ஆறால வகுத்துக்கடா. உன்கிட்ட அந்தத் தகடு இருக்குன்னு எனக்குத் தெரியும். அட்டப் பெட்டிகூட பிரிக்கல.

இன்னொண்ணு. இந்தத் துடிப்பு, அதான் கிளாக்கு, வேகத்தத்தான் சொல்லும், எடத்தச் சொல்லாது. காலப்பிரமாணம் சரியா இருந்தும் எடுப்பு தப்பினா என்ன ஆகும்? சபையில பல்லு தெரியாம சிரிப்பான். பாதில நிறுத்தி மறுபடி ஓட விட்டா, டிரம் மெஷின் மொத அடிலேந்து கெளம்பும், உன் சீக்வென்சரு விட்ட எடத்துல அஞ்சாவது படிலேந்து கெளம்பும். ரெண்டும் ஒரே வேகம், ஒண்ணோட ஒண்ணு சேராது. ரீசெட்டுன்னு ஒரு ஓட்ட இருக்கு பாரு, அதுக்குத் தனியா ஒரு வயர் வேணும். ரீசெட்டும் கிளாக்கும் ஒரே நேரத்துல போய் முட்டினா சில சீக்வென்சரு மொத அடிய முழுங்கிட்டு ரெண்டாவதுல நிக்கும். ரெண்டும் முட்டாம கொஞ்சம் தள்ளித் தள்ளி அனுப்பு. ஆக ரெண்டு வயரு. நீ முப்பது சொருகியிருக்க, இந்த ரெண்டாவத மட்டும் காணோம்.

கருவி கம்மி, அதான் பாட்டு வரலேன்னு இன்னொரு தபா சொல்லாத. பம்பாய்ல சரண்ஜித் சிங்குன்னு ஒருத்தரு. சினிமாப் பாட்டுக்கு கிதார் வாசிச்சு, கல்யாணத்துக்குக் கச்சேரி பண்ணிப் பொழச்சவரு. அவருகிட்ட இருந்தது ரோலண்டு கம்பெனிப் பெட்டி மூணு: டிஆர் 808 டிரம் மெஷின், டிபி 303 பேஸ் மெஷின், ஜூபிடர் 8 கீபோர்டு. மூணையும் ஒண்ணோட ஒண்ணு கட்டி ஒரே தாளத்துல ஓட விடலாம்னு கண்டுக்கிட்டாரு. மேல பைரவி, கலாவதின்னு பத்து ராகத்த வாசிச்சாரு. 1982ல ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’னு எச்.எம்.வி. தட்டு வந்துச்சு. வாங்க ஆளில்ல. அந்த 303 பெட்டியும் உலகம் பூரா போணியாகாம 1984ல நின்னு போச்சு. பழைய சாமான் கடைக்கு வந்துச்சு. அத சல்லிசா வாங்கின சிகாகோ பசங்க 1987ல ‘ஆசிட் டிராக்ஸ்’னு ஒண்ணப் போட்டு, இது புதுசுன்னாங்க. 2010ல சிங்கு தட்டு மறுபடி வெளிய வந்தப்பதான், அட, இந்த மனுசன் அஞ்சு வருசம் முன்னாடியே பண்ணிட்டாரேன்னு வெளிநாட்டுக்காரன் வாயப் பொளந்தான். சிங்கு 2015ல போய்ச் சேந்துட்டாரு. மூணு பெட்டிடா. எண்ணிப் பாரு, உன்னுத எண்ண வெரலு பத்தாது.

பெருசா வச்சிருந்தவங்களும் உண்டு. 1969ல அகமதாபாத் டிசைன் காலேஜுக்கு மூக் மாடுலர் பெட்டியே வந்துச்சு. அமெரிக்காவுலேந்து டேவிட் டியூடரு வந்து பூட்டிக் குடுத்தாரு. கீதா சாராபாய், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுராவெல்லாம் அதுல வேல செஞ்சு டேப்பு டேப்பா பதிஞ்சாங்க. 1972க்குள்ள எல்லாம் ஓஞ்சு போச்சு. அந்த டேப்ப பால் பர்காஸுன்னு ஒருத்தரு தேடி எடுத்தாரு, 2023ல அது தட்டா வந்துச்சு. உன் பாட்டையும் அம்பது வருசம் கழிச்சு எவனாவது பீரோலேந்து எடுப்பான். அதுக்கு மொதல்ல பீரோக்குள்ள எதனா இருக்கணும்.

நம்ம கோடம்பாக்கத்துக்கே வா. 1986ல ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா யமஹா சி.எக்ஸ்.5.எம். கம்ப்யூட்டர வச்சு சீக்வென்சிங் பண்ணினாரு. அந்தக் கம்ப்யூட்டரோட சக்தி இன்னிக்கு உன் கைக்கடியாரத்துல கால்வாசி இருக்காது. அந்தக் காலத்துல அவருகிட்ட கீபோர்டு வாசிச்ச பையன்தான் பின்னாடி ஏ.ஆர். ரகுமான். அவங்க அப்பா சேகர் செத்தப்புறம், அவரு வச்சுட்டுப் போன வாத்தியங்கள வாடகைக்கு உட்டுத்தான் குடும்பம் ஓடிச்சு. உன் சாமானும் பிற்காலத்துல பேரப்பிள்ளைக்கு அப்பிடி ஒதவும்னா சரி, வாங்கிப் போடு.

இப்ப தாளத்துக்கு வருவோம். உன் டப்பால எட்டுப் படி இருந்தா எட்டும் ஏறியே ஆகணும்னு எவன்டா சட்டம் போட்டான்? பெரிய பல்லாவரம் மலைல குகைக் கோயில் குடைஞ்ச மகேந்திரவர்மன் சங்கீர்ணஜாதின்னு பட்டம் போட்டுக்கிட்டவன். சங்கீர்ணம்னா ஒம்போது எண்ணணும். அவன் ஊர்ல பொறந்துட்டு எட்டத் தாண்ட மாட்டேங்கற. ஒம்போது வேணாம், மொதல்ல ஏழு எண்ணு. எட்டாவது படிலேந்து வர்ற துடிப்ப எடுத்து அந்த ரீசெட்டுலயே சொருகு. எட்டுக்குப் போன ஒடனே ஒண்ணுக்கு வந்துடும், ஆக ஏழு. ஒண்ணு, நாலு, ஆறு, இந்த மூணு படில மட்டும் கேட்டத் தொறந்து வை. தகிட தகதிமி, மிஸ்ர சாப்பு வந்துடுச்சா? டிரம் மெஷின எட்டுலயே ஓட உடு. ஏழும் எட்டும் வேற வேற தெசைக்குப் போயிட்டு அம்பத்தாறாவது எண்ணிக்கைல கை குடுக்கும். தவில்காரரு இத மனசுல கணக்குப் போட்டுத் தீர்மானம் வைப்பாரு. உனக்கு ஒரு வயரு.

ஸ்வரம் தப்புதுன்னியே. வோல்ட்டுதான் ஸ்வரம் இதுல. ஒரு வோல்ட்டு ஏத்தினா ஒரு ஸ்தாயி. அதுல பன்னண்டுல ஒரு பங்கு ஒரு ஸ்வரஸ்தானம். உன் பெட்டி இந்தக் கணக்கு. பழைய கோர்க்கு எம்.எஸ்.20 ஒண்ணு வாங்கி வச்சிருக்கியே, அது கணக்கு வேற: ஸ்தாயிக்கு ஸ்தாயி வோல்ட்டு ரெட்டிப்பாகணும். நேரா சொருகினா அது பாடறது எந்த ராகமும் இல்ல. நடுவுல மாத்திக் குடுக்கற தகடு வேணும். வோல்ட்ட ஸ்வரத்துல நிறுத்தற குவாண்டைசர்ல ச ரி க ப தன்னு மோகனத்த வச்சு ஓட உடு, அழகா ஓடும். தோடிய வைக்காத. தோடி காந்தாரத்துக்கு ஆட்டந்தான் உசுரு. குவாண்டைசரு அதக் கட்டிப் போட்டு ஆணி அடிச்சிடும். கிளைடு போட்டா கொஞ்சம் வழுக்கும், அவ்வளவுதான். வழுக்கறதெல்லாம் கமகம்னா மழக்காலத்துல நம்ம தெருவே கச்சேரி பண்ணும். கத்திரி வெயில்ல ஆசிலேட்டரே நகரும், அத வேற சொல்லணும். பெட்டியப் போட்டு அரமணி கழிச்சு சுருதி சேரு. போட்ட ஒடனே சேத்துட்டு, பல்லவி முடியறதுக்குள்ள பெட்டியத் திட்டாத.

கரண்டு விஷயம், இது மட்டும் கிண்டல் இல்ல, காதத் தொறந்து கேளு. தகட்டுக்குப் பின்னால போற பட்ட வயர்ல சிவப்புக் கோடு இருக்கும். சிவப்புன்னா பிளஸ்ஸுன்னு நம்ம ஊரு எலக்ட்ரீசியன் எல்லாம் அடிச்சுச் சொல்லுவான். இங்க அது மைனஸ் 12 வோல்ட்டுப் பக்கம். மாத்திக் குத்தினா வாசனையா ஒரு பொகை வரும், சம்பளம் பொகையாப் போறதக் கண்ணால பாக்கலாம். அப்புறம், உன் மாடுலர்லேந்து வர்ற சத்தம் மேல கீழ பத்து வோல்ட்டுக்கு ஆடும். மிக்சரு எதிர்பாக்கறது அதவிட ரொம்பக் கம்மி. கொறச்சு அனுப்பு. ம்ம்ம்னு ஒரு ரீங்காரம் வருதே, அத ஒத்துன்னு நெனச்சு சந்தோசப்பட்டுக்கிட்டு இருக்க போல. எல்லாப் பெட்டியையும் ஒரே எர்த்துப் பலகைல சொருகு, பாதி போயிடும். சதுர அலை இன்வெர்ட்டர்ல ஓட்டினா மீதியும் திரும்பி வரும்.

நாள வெள்ளிக்கிழம. டிரங்க் ரோட்டுச் சந்தைக்கு வா என்கூட. பழைய ரேடியோ, அறுந்த ஹெட்போனு, சாவி இல்லாத பூட்டு, கூண்டுக் கிளின்னு விக்கற எடம். நீ விக்க ஒண்ணும் கொண்டார வேணாம். எவன்கிட்டயாவது தகட்டக் காட்டி என்ன வெலன்னு மட்டும் கேளு. எட கட்டிப் பாத்துட்டு ஒரு வெல சொல்லுவான், அப்புறம் ஒரு மாசம் நீ ஆன்லைன் பக்கம் போக மாட்ட.

சரி, எந்திரி. மூணு பெட்டிய மட்டும் வச்சுக்கிட்டு மத்தத அணை. நான் கைத்தாளம் போடறேன், ஏழு. அந்த ரீசெட் வயர எடு. பச்சை இல்லடா, அது எங்கயும் போகாம தொங்குது. மஞ்ச.