பக்க எண் பேராசிரியர்

எங்கள் பேராசிரியரிடம் "வெயில் கொளுத்துது ஐயா" என்று சொல்லிப் பாருங்கள். "யார் சொன்னது?" என்பார். உங்கள் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடப்பது அவருக்குச் சான்று ஆகாது. வானிலை மையத்தின் அறிக்கை வேண்டும். அதிலும் நுங்கம்பாக்கக் கணக்கா, மீனம்பாக்கக் கணக்கா என்று தெரிந்தாக வேண்டும்.

சாவு வீட்டில்கூட விடமாட்டார். மாலையைப் போட்டுவிட்டு, "அப்பாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். மகன், 82 என்றார். "பள்ளிக்கூடச் சான்றிதழ்ப்படியா, ஜாதகப்படியா?" கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தத் தலைமுறையில் வலக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக் காதைத் தொட்ட பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் வாய்க்கு வந்ததே பிறந்த தேதி. அதற்காகப் பாடை கட்டிக்கொண்டிருக்கும் நேரத்திலா கேட்பது?

இவரிடம் முனைவர் பட்டத்துக்கு வரும் பிள்ளைகள் பாடு தனி. ஆய்வேட்டில் ஒவ்வோர் இயலின் முடிவிலும் 'சான்றெண் விளக்கம்' என்று ஒரு பகுதி வருமே, மற்ற நெறியாளர்கள் விரலால் தள்ளிவிட்டுப் போகும் பகுதி, நம்மவர் படிக்கத் தொடங்குவதே அங்கிருந்துதான். 'மேலது, ப. 45' என்றிருந்தால் மேலே பார்ப்பார். மேலே இன்னொரு 'மேலது' இருக்கும். அதற்கும் மேலே போவார். ஒருவழியாக நூலின் பெயர் கிடைத்ததும், "இது முதற்பதிப்பாம்மா, மறுபதிப்பா? மறுபதிப்பில் பக்கம் மாறுமே" என்பார். கேன்டீனில் எங்கள் மாணவர்கள், "மாஸ்டர், எனக்கு ஒரு டீ, இவனுக்கு மேலது" என்றுதான் சொல்கிறார்கள். மாஸ்டரும் பழகிவிட்டார்.

மாணவர்கள் அப்துல் கலாம் சொன்னதாக எழுதும் பொன்மொழிகளையெல்லாம் ஒரு நீளவாட்டு நோட்டில் சேர்த்துவைத்திருக்கிறார். கலாம் மறைந்தது 2015இல். நோட்டைப் புரட்டினால், அதற்குப் பிறகுதான் மனிதர் நிறையப் பேசியிருக்கிறார்.

ஒரு சுதந்திர தினத்தன்று கல்லூரி வாட்ஸ்அப் குழுவில், நம் தேசிய கீதமே உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாக ஒரு செய்தி வந்தது. வருஷா வருஷம் ஆகஸ்டில் முளைக்கும் புரளிதான். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. எல்லோரும் கைகூப்பி, கொடி பறக்கவிட்டார்கள். நம்மவர் மட்டும், 'எந்த ஆண்டு? எந்த அமர்வு? தீர்மான எண்?' என்று போட்டார். அனுப்பியவர் முதல்வர். குழுவில் மூச்சுப்பேச்சில்லை. வெகுநேரம் கழித்து வணிகவியல் துறைக்காரர் ஒரு ரோஜாப்பூவை அனுப்பி நிலைமையைக் காப்பாற்றினார். அடுத்த பருவத்தில் நம்மவருக்கு எல்லாமே மதியம் கடைசிப் பாடவேளையாக விழுந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நிறுவ என்னிடம் ஆதாரம் இல்லை.

ஒற்றுப்பிழை பார்ப்பதும் உண்டு. கல்யாணப் பத்திரிகையைத் திருத்தி, கொடுத்தவருக்கே திருப்பி அனுப்பியவர். அது கிடக்கட்டும்.

ஆனால் இவரைப் போல உழைக்கிறவர் எங்கள் துறையில் வேறு யாரும் இல்லை. உ.வே.சா. பெயரை எடுத்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். "1894இல் புறநானூறு போட்டாரே, சுவடி சுவடியாக ஒப்பிட்டுப் பிரதிபேதம் கொடுத்தாரே, நீ பக்க எண் கொடுக்க அழுகிறாய்!" என்பார். பையன் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட ஒரே ஒரு மேற்கோளைச் சரிபார்க்கக் கைக்காசைப் போட்டு எழும்பூர் கன்னிமாராவுக்குப் போவார். தொட்டால் உதிரும் தாளை நகம் படாமல் புரட்டி, அந்தப் பத்தியைத் தம் கையால் படியெடுத்துவந்து கொடுப்பார். பக்கம் தப்பென்றால் சரியான பக்கமும் ஓரத்தில் இருக்கும். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டியதைப் படிக்காமலே கையெழுத்திடும் நெறியாளர்கள் நடுவில், இதைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

கும்பிட்ட கையோடு சண்டையும் போடத் தோன்றும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஒப்பாரிப் பாடல்களை ஆய்வுக்கு எடுத்திருந்தாள். செத்தவரைச் சொல்லி அழத் தொடங்குகிறவள் நாலைந்து அடிக்குள் தன் கதைக்கு வந்துவிடுகிறாள், மாமியாரிடம் பட்டதையெல்லாம் மாமியார் சாவிலேயே பாடித் தீர்த்துக்கொள்கிறாள் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாள். ஊர் ஊராகப் போய்க் கேட்டு, தானே யோசித்து எழுதியது. பக்கத்தில் சிவப்பு மையில், 'யார் கருத்து?'

"என் கருத்துதான் ஐயா."

"உன் கருத்தை யாரம்மா கேட்டது? அறிஞர்கள் யாராவது சொல்லியிருக்கிறார்களா பார். இல்லையென்றால் எடுத்துவிடு."

திறனாய்வுச் சிந்தனை பற்றிப் புத்தொளிப் பயிற்சியில் மணிக்கணக்காகப் பேசுகிறவரும் இவர்தான். இருபத்தைந்து வயதுப் பிள்ளை சொந்தமாக ஒன்றை நினைத்தால் அதற்கு எந்தப் பக்க எண்ணைக் கொடுப்பாள்? எனக்கு எரிச்சலாக வந்தது. அவளோ அழவில்லை. அந்தக் கருத்தை அப்படியே தன் அப்பாயி சொன்னதாக மாற்றினாள். தகவலாளர் பட்டியலில் பெயர், வயது, ஊர், பேட்டி கண்ட நாள் எல்லாம் பிசகாமல் ஏறின. அப்பாயிக்குக் காது கேட்டே பல வருஷம் ஆகிறது. 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்தார் நம்மவர்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் சரியாக அந்த இடத்தில்தான் நிறுத்தினார். "எவ்வளவு நுட்பமான அம்மா! இவரை ஒருமுறை நேரில் பார்த்துப் பேச வேண்டுமே" என்றார். அந்தப் பெண் மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னிணைப்பில் முகவரி இருக்கிறது ஐயா," என்றார் நம்மவர் பூரிப்போடு, "பக்கம் 212."