நீலக்கொடிக்கு உரியவன்

எங்கள் ஊருக்குப் பிறவியிலேயே பந்தய எண் உண்டு: 15 வேலம்பாளையம். பல்லடம் பக்கம் 63 வேலம்பாளையம் என்று இன்னொன்றும் இருக்கிறது. வெளியூர் கூரியர்க்காரர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே அடிக்கிற ரவுண்டுக்குக் கோப்பையே கொடுக்கலாம். இப்படி நம்பர் ஒட்டிய ஊரில் பிறந்தும் நான் பந்தயம் பக்கம் போனதில்லை. பனியன் ஜாப் ஒர்க் பார்க்கிறவனுக்குத் தனியாக ஒரு படபடப்பு எதற்கு?

மைத்துனர் விடவில்லை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அன்றிலிருந்து அவருக்கு பிரின்டிங் யூனிட்டில் இருப்புக் கொள்ளவில்லை. "மச்சான், ஒரு நாளாவது டிராக்குல ஓட்டிப் பாத்தரணுமுங்க" என்பார். ஓட்டுவது அவர், கைதட்டுவது நான் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். பணம் கட்டிய ரசீதில் இரண்டு பெயர் இருந்தது.

இடம் கோவை செட்டிப்பாளையம், கரி மோட்டார் ஸ்பீட்வே. சுற்று இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. எஸ். கரிவரதன் நினைவாக வைத்த பெயர். கோவை மில் குடும்பத்துப் பிள்ளை. மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சினை ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பூட்டி, கோடீஸ்வரர் அல்லாதவர்களும் ஓட்டும்படி 'ஃபார்முலா மாருதி'யை உருவாக்கியவர். 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் தொடங்கியதே அந்த ஃபார்முலா மாருதியில்தான். அதற்கு முன்னாலும் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், மில்காரர் வீட்டுப் பிள்ளைகள் கார் பறக்கவிட்டிருக்கிறார்கள். அந்த மில்களின் நூலை வாங்கித்தான் எங்கள் ஊர் பனியன் போட்டது. ஆகவே அந்தக் காலத்து பெட்ரோல் செலவில் நமக்கும் பங்குண்டு என்பது மைத்துனரின் வாதம். பங்கு கேட்டுக் கோவைக்குப் போகாத வரை நல்லது.

கிளம்புகிற அன்று அம்மா, "ஏஞ்சாமி, வெறும் வயித்துல போறே?" என்று நாலு இட்லியை வைத்தார். சாப்பிட்டிருக்கக் கூடாது. சிறுநீரகங்களின் மேலே ஆளுக்கொன்றாக உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பிகள்தான் அட்ரினலினைக் கொட்டுகின்றன. கொட்டியவுடன் ரத்தம் வயிற்றைக் கைவிட்டுக் கை கால் தசைகளுக்கு ஓடும். செரிமானம் கடையைச் சாத்தும். வாய் உலரும், கண்மணி விரியும். ஓடித் தப்பிக்க உடம்பு செய்கிற ஏற்பாடு இது. பந்தயக் காரில் என்ன செய்கிறார்கள் என்றால், இத்தனை ஏற்பாடும் ஆன ஆளைப் பிடித்து, தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என்று வாரால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். எங்கே ஓடுவது?

பந்தயக் களத்தில் கூட்டம் அதிகமுள்ள இடம் எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் கழிப்பறை என்று சொல்வேன். அன்றைக்கு எல்லாரும் அமெச்சூர்கள். பல் டாக்டர் ஒருவர், மோட்டார் பம்பு செய்கிறவர் ஒருவர், கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர். வெளியே வந்தவர்களே மறுபடி வரிசையின் கடைசியில் நின்றார்கள். வரிசைக்குள் யாரும் பயத்தைப் பற்றிப் பேசவில்லை. டயரில் காற்று எவ்வளவு என்றுதான் பேசினார்கள். என் கைக்கடிகாரம் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 140 என்றது. தொழில்முறை ஓட்டுநர்களுக்குப் பந்தயம் முழுக்க 150, 160 என்று அடிப்பது சகஜமாம். அவர்கள் வளைவில் வாங்குகிற துடிப்பை நான் வரிசையில் நின்றே வாங்கியிருந்தேன்.

பயிற்சியாளர் கொடிகளை விளக்கினார். மஞ்சள்: முன்னால் ஆபத்து, முந்தாதே. சிவப்பு: எல்லாரும் நிறுத்து. கறுப்பு: உன்னைத்தான், உள்ளே வா. நீலம்: பின்னால் உன்னைவிட வேகமான வண்டி, வழி விடு. நான் சிவப்பையும் கறுப்பையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். எனக்கு எது தேவைப்படும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீலத்தை மட்டும் என் முகத்தைப் பார்த்து இரண்டு தரம் சொன்னார்.

பிறகு ஹெல்மெட்டுக்கு உள்ளே மாட்டும் தலையுறையைக் கொடுத்தார்கள். அங்கேதான் எனக்கு உயிர் வந்தது. கை தானாகவே துணியைத் தேய்த்துப் பார்த்தது. சிங்கிள் ஜெர்சி, நூற்றறுபது ஜிஎஸ்எம் இருக்கும். தாடைப் பக்கம் ஓவர்லாக், கண் திறப்பில் பேட்லாக், ஒரு இடத்தில் தையல் விட்டிருந்தது. "இது டேமேஜ் பீஸுங்க" என்றேன். உள்ளே நைலான், பாலியஸ்டர் போடக் கூடாது, தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டும், பருத்திதான் நல்லது என்று பயிற்சியாளர் ஆரம்பித்தார். அந்தப் பேச்சை நான் எடுத்துக்கொண்டேன். இழை நீளம், சாயம், சுருக்கம் என்று போய்க்கொண்டே இருந்தேன். பயந்தவனுக்குத் தெரிந்த தொழிலைப் பற்றிப் பேசக் கிடைப்பதைப் போன்ற மருந்து கிடையாது. பாதியில் விசில் அடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

வளைவில் வண்டியை வெளியிலிருந்து உள்ளே, உள்ளிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும்; மெதுவாக நுழைந்து வேகமாக வெளியேற வேண்டும். பாடம் அவ்வளவுதான். முதல் பாதியில் நான் மாநிலத்துக்கே முன்மாதிரி. மெதுவாக நுழைந்தேன். ரொம்ப மெதுவாக நுழைந்தேன். பிறகு அதே மரியாதையோடு வெளியேறினேன். கண் எங்கே பார்க்கிறதோ கார் அங்கே போகும் என்றும் சொல்லியிருந்தார்கள். என் கண் கொடிக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையில் நீலம். அடுத்த வளைவிலும் நீலம். பல் டாக்டர் போனார், பம்புக்காரர் போனார். மைத்துனர் கையைக் காட்டிக்கொண்டே போனார். ஒரே கையில் ஓட்டியதற்கே அவருக்குக் கறுப்புக் கொடி காட்டியிருக்கலாம்.

எதற்கு அவ்வளவு நடுங்கினேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். உயிருக்கு அல்ல. எல்லா வண்டியும் ஒரே திசையில் போகிறது, எதிரே ஆடு வராது, ராங் சைடில் டெம்போ வராது, ஓரத்தில் ஆம்புலன்ஸ் எஞ்சின் சூட்டோடு நிற்கிறது. சாயங்காலம் ஷிப்டு விடுகிற நேரம் அனுப்பர்பாளையம் ரோட்டில் பின்னால் இரண்டு பண்டல் கட்டி டிவிஎஸ் எக்ஸெல் ஓட்டுகிறவனுக்கு இருக்கிற ஆபத்தில் கால்வாசி இங்கே கிடையாது. அந்த ரோட்டில் எனக்கு ஒரு நாளும் நாக்கு உலர்ந்ததில்லை. தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்பும் ராத்திரி உலரும். கப்பலை விட்டால் சரக்கு ஏரில் போகும், அந்த ஆர்டரின் லாபமும் அதே விமானத்தில் ஏறிப் போய்விடும். ஆனால் அந்தப் பயத்தை நானும் மானேஜரும் ஷட்டரை இறக்கிவிட்டுப் படுவோம். டிராக்கில் ஷட்டர் கிடையாது. மச்சினன் முன்னால், அவன் நண்பர்கள் முன்னால், 'இவன் மெதுவானவன்' என்று அரசாங்க அறிவிப்பு மாதிரி கொடி போட்டுக் காட்டுகிறார்கள். என் துடிப்பு அத்தனையும் மானத்துக்குத்தான்.

மைத்துனரிடம் நரேன் கதையைச் சொன்னேன். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் முதல் இந்தியராக மெல்போர்னில் இறங்கினார், 15-ஆவது இடம். அதே வருடம் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ். மிச்செலின் டயர் தாங்காது என்று 14 கார்கள் தொடங்கும் முன்பே ஒதுங்கிக்கொண்டன. மீதி இருந்த ஆறு கார்களில் நரேன் நான்காவது. ஐந்து புள்ளி. ஃபார்முலா ஒன்னில் ஒரு இந்தியர் வாங்கிய முதல் புள்ளிகள்.

"ஆறுல நாலுங்களா?" என்றார்.

"நின்னுக்கிட்டு இருந்தவனுக்குத்தானே மாப்பிள்ளை கெடச்சுது. டயர் காலியாகி நீங்க பதினஞ்சு பேரும் ஒதுங்கியிருந்தா இன்னிக்கு நான்தான் பஸ்ட்டு."

அவர் பதில் சொல்லாமல் நேரப் பட்டியலை நீட்டினார். சைஸ் சார்ட் போல வரிசை வரிசையாக இருந்தது. தொழில் பழக்கத்தில் அளவு விட்ட பீஸைத் தேடினேன். கடைசி வரியில் என் பெயர். அதற்கு நேர் மேலே அவர் பெயர். என்னைத் தாண்டிப் போன வேகத்தில் அவரும் மற்றவர்களுக்கு நீலக்கொடியில் வழி விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

இன்ஸ்பெக்‌ஷனில் லாட் ஃபெயில் ஆனால் ரீ-செக்கிங் போட்டு மறுபடி காட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அடுத்த தடவைக்கும் இரண்டு பெயராகக் கட்டிவிட்டார். தலையுறையையாவது நம் கம்பெனியிலேயே ஒழுங்காகத் தைத்துக்கொள்ளலாம் என்று கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டேன். தலையைச் சுற்றி டேப் பிடித்தபடி, "எத்தன பீஸுங்க?" என்றார்.

"ஒண்ணுதான்."

"பையர் அப்ரூவல் வேணுமுங்களே" என்று சொல்லி, அளவுச் சீட்டோடு என் வீட்டுக்காரிக்கு போன் போட்டார்.