எட்டாவது நிபந்தனை

அவரிடம் சம்பளத்தைக் கேட்டால், கேட்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தொகை வரும். கைமாற்று கேட்கும் பெரியப்பா மகனுக்கு, "ஏதோ பொழப்பு ஓடுதுண்ணே." கல்யாணத் தரகருக்கு அதே சம்பளம் இரண்டு மடங்கு. வருமான வரிக் கணக்கிலோ, சனி ஞாயிறில் வேறு கம்பெனிகளுக்குப் பார்த்த வேலையின் கூலி மூச்சே விடாது. இப்படி மூன்று சம்பளத்தோடு நிம்மதியாக இருந்த பெங்களூரு மென்பொருள்காரர் அவர்.

அமெரிக்காவில் வேலை பார்க்க எச்-1பி விசாவுக்கு முயன்றார். குலுக்கலில் பெயர் விழவில்லை. ஆண்டுக்கு 85,000 இடம். அதில் ஒன்று கூடத் தனக்கில்லையா என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஓ-1ஏ விசாவைக் கண்டுபிடித்தார். குலுக்கல் கிடையாது, அசாதாரணத் திறமை இருந்தால் போதும். நோபல் போல ஒரு பெரிய பரிசு வாங்கியிருந்தால் பேச்சே இல்லை. வாங்காதவர்கள் எட்டு நிபந்தனைகளில் மூன்றையாவது காட்ட வேண்டும். எட்டாவது நிபந்தனை: துறையில் மற்றவர்களைவிட உயர்ந்த சம்பளம் வாங்கியிருக்க வேண்டும், அல்லது வாங்கப்போவதாக ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டார். சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பங்கு ஒதுக்கீட்டுக் கடிதம் எல்லாம் ஒரு பையில். வத்தல்மலைக்குக் காற்று வாங்க வந்தபோதும் பை கூடவே வந்தது. அந்த மலையிலுள்ள பெரியூரில் காப்பித் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் களத்தில் மிளகு துழாவிக்கொண்டிருந்தார்.

"மாசம் எவ்ளோ வரும் தம்பி?"

"ஏதோ ஓடுதுங்க."

அந்த நேரம் பார்த்து வக்கீல் போன். சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நின்று கத்தினார்: "சார், என் அனுபவத்துக்கு இந்தச் சம்பளம் பெங்களூர்லயே நூத்துல பத்துப் பேருக்குத்தான்!"

இறங்கியதும் விவரம் கேட்ட பெரியவர் சொன்னார்: "பையன் காலேஜ் உதவித்தொகைக்கு ரெண்டரை லட்சத்துக்குள்ளதான் வருமானம்னு தாசில்தார்கிட்ட சான்று வாங்க நாங்க அலையறோம். நீ அதிகம்னு எழுதி வாங்க அலையறியா?"

டாலராக மாற்றிப் பார்த்தால் தன் சம்பளம் சின்னதாகிவிடுமே என்பது அவருடைய அடுத்த கவலை. அது வேண்டாம். இந்தியாவில் வாங்கிய சம்பளத்தை இந்தியாவில் அதே வேலை பார்ப்பவர்களின் சம்பளத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது அமெரிக்கக் குடியேற்றத் துறையின் வழிகாட்டுதல். எனவே இப்போது சக ஊழியர்களின் சம்பளத்தைத் துருவிக்கொண்டிருக்கிறார். முன்பெல்லாம் அத்தை செய்தால் அதற்கு வம்பு என்று பெயர். இவர் செய்தால் ஆதாரம் திரட்டல்.

சம்பளம் ஒன்றை வைத்து விசா கிடைத்துவிடாது. இன்னும் இரண்டு நிபந்தனை வேண்டும். மூன்றும் தேறினாலும் அதிகாரி மொத்தக் கோப்பையும் எடைபோட்டுத்தான் முடிவு செய்வார். ஆகவே அசாதாரணர்களுக்கு ஒரு வார்த்தை: தரகரிடம் சொன்ன சம்பளத்தை வக்கீல் சீந்தமாட்டார். வரித்துறையிடம் காட்டியது எதுவோ, அமெரிக்கா நம்பப்போவதும் அதைத்தான்.