வானத்தைக் கேளுங்கள்! (கேள்வி–பதில்)

தக்காளி வியாபாரி, காந்தி மார்க்கெட், ஒட்டன்சத்திரம்
சரக்கு விலை விசாரிக்க மகாராஷ்டிராவில் நாராயண்காவ் போயிருந்தேன். தோட்டங்களுக்கு நடுவுல ராட்சசக் கிண்ணம் கிண்ணமா நிக்குதே, என்னங்க அது?

தக்காளி விலையைத் தவிர வேறொன்றையும் நிமிர்ந்து பார்த்த வியாபாரிக்கு முதல் வணக்கம்! அது ஜி.எம்.ஆர்.டி. என்னும் ரேடியோ தொலைநோக்கி. ஒவ்வொரு கிண்ணமும் 45 மீட்டர் அகலம். மொத்தம் 30. அதில் 14 கோடத் கிராமத்துப் பக்கம் நெருக்கமாக நிற்கும். மீதி 16 மூன்று கிளையாகப் பிரிந்து 25 கிலோமீட்டர் வரை பரவியிருக்கும். முப்பதும் சேர்ந்து ஒரே தொலைநோக்கியாக வேலை செய்யும். பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய அலைகளை அங்கேதான் பிடிக்கிறார்கள்.

வாசகர், கள்ளிமந்தையம்
கிண்ணம் முழுக்க ஓட்டையாமே? காசை மிச்சம் பிடித்துவிட்டார்களா?

பிடித்தார்கள், ஆனால் நியாயமாக. அது துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வலை. வலைக்கண் ஓரிரு சென்டிமீட்டர். வந்து விழும் அலையின் நீளமோ 21 சென்டிமீட்டரில் தொடங்கி இரண்டு மீட்டரையும் தாண்டும். அலைக்கு அது முழுக் கண்ணாடி, காற்றுக்கு மட்டும் ஓட்டை. காற்று ஊடே போய்விடுவதால் தாங்கும் சட்டத்தை இலேசாகக் கட்டலாம், செலவும் குறையும். கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானியின் மூளை அது.

இல்லத்தரசி, சத்திரப்பட்டி
ரேடியோ என்கிறீர்களே, பாட்டு கேட்குமா?

கேட்காது. காதில் ஹெட்போன் மாட்டிய விஞ்ஞானியை சினிமாவில் மட்டுமே பார்க்கலாம். வருவது அலை, கணினி அதைப் படமாக மாற்றும். காந்தப்புலத்தில் சுழன்று பாயும் எலக்ட்ரான்கள் ஒருவித அலையை அனுப்பும். ஹைட்ரஜன் வாயு தனக்கென்று 21 சென்டிமீட்டர் அலை ஒன்றை அனுப்பும். விளம்பர இடைவேளை கிடையாது என்பது மட்டும் உறுதி.

ஆசிரியர், அம்பிளிக்கை
"ஆழமான கணக்கெடுப்பு" என்று செய்தியில் படித்தேன். வானத்தில் ஏது ஆழம்?

நேரம்தான் ஆழம். அகலக் கணக்கெடுப்பு வேறு. ஒவ்வொரு துண்டு வானத்தையும் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு நகர்வது. ஜி.எம்.ஆர்.டி. அப்படி 150 மெகாஹெர்ட்ஸில் மொத்த வானத்தில் 90 சதவீதத்தைப் பார்த்து 6 லட்சத்துக்கு மேல் ரேடியோ மூலங்களைப் பட்டியலிட்டது. ஆழக் கணக்கெடுப்பு, சிறு துண்டு வானத்தையே நூற்றுக்கணக்கான மணி நேரம் உற்றுப் பார்ப்பது. சங்கடம் என்னவென்றால், இரண்டு மடங்கு மங்கலானது தெரிய இரண்டு மடங்கு நேரம் போதாது, நான்கு மடங்கு வேண்டும். பத்து மடங்குக்கு நூறு! பொறுமைக்கு வட்டி இத்தனை குறைவாகக் கிடைக்கும் தொழில் வேறில்லை.

கல்லூரி மாணவி, பழனி
பளிச்சென்று தெரிவதை விட்டுவிட்டு மங்கலானதை ஏன் தேட வேண்டும்?

ரேடியோவில் பளிச்சென்று தெரிவதெல்லாம் பெரும்பாலும் கருந்துளையை நடுவில் வைத்துக்கொண்டு இருபுறமும் பீய்ச்சியடிக்கும் ஆர்ப்பாட்டக்காரர்கள். மங்கலாகப் போகப் போக, நம் பால்வீதி மாதிரி சத்தமில்லாமல் நட்சத்திரங்களைப் பெற்று வளர்க்கும் சாதாரணக் கேலக்ஸிகளே அதிகம். பிரபஞ்சத்தின் மக்கள்தொகை அவர்கள்தான். இன்னொரு லாபம்: ஒளியைத் தூசு மறைக்கும், ரேடியோ அலை தூசுக்குள் புகுந்து வரும். அதனால் தூசுக்குப் பின்னால் நடக்கும் பிரசவமும் கணக்கில் வந்துவிடும்.

எடை மேடை ஊழியர், ஒட்டன்சத்திரம்
கருவிக்கே தெரியாத அளவு மங்கலானதை எப்படிப் பார்ப்பார்கள்?

விடை உங்கள் மேடையிலேயே இருக்கிறது. லாரி எடை போடும் மேடையில் ஒரு முருங்கைக்காயை வைத்தால் முள் அசையாது. பத்தாயிரம் காயை மொத்தமாக ஏற்றினால் அசையும். வகுத்தால் ஒரு காயின் சராசரி எடை வந்துவிடும். 2020-ல் புனே என்.சி.ஆர்.ஏ. நிறுவனத்தின் ஆதித்ய சௌத்ரி, நிஸிம் கனேகர் குழு இதைத்தான் செய்தது. சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய 7,653 கேலக்ஸிகளின் ஹைட்ரஜன் அலையை அடுக்கிச் சேர்த்தார்கள். பிரபஞ்சம் விரிந்ததில் 21 சென்டிமீட்டர் அலை இரண்டு மடங்காக நீண்டு வந்திருந்தது. பிறகு 510 மணி நேரம் பார்த்து, 11,419 கேலக்ஸிகளுக்குக் கணக்கை விரித்தார்கள்.

கிடைத்த சராசரி ஒரு பழைய புதிரை அவிழ்த்தது. ஒரு காலத்தில் நட்சத்திரங்கள் மளமளவென்று பிறந்தன. பிறகு வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஏன்? அந்த வேகத்தில் செலவழித்தால் கையிலிருந்த வாயு இருநூறு கோடி ஆண்டுகூடத் தாங்காது. வெளியிலிருந்து வரவும் போதவில்லை. வரவுக்கு மீறிச் செலவு செய்த குடும்பம் ஒடுங்கியது மாதிரிதான். ஆனால் இங்கே கடன் கொடுக்க ஆளில்லை.

செல்போன் பிரியர், விருப்பாச்சி
என்னிடம் இருப்பதும் கேலக்ஸி போன்தான். இரண்டுக்கும் ஏதாவது உறவு உண்டா?

உண்டு, பகை! உங்கள் போனை நிலாவில் வைத்து ஆன் செய்தால், அதன் அலைவரிசையில் வானத்தின் மிகப் பிரகாசமான மூலங்களில் ஒன்றாகிவிடும். ஆழக் கணக்கெடுப்பில் தேடும் கேலக்ஸியைவிடப் பல லட்சம் மடங்கு. நிலாவிலேயே அப்படி என்றால் பக்கத்துத் தெருவில்? அதனால்தான் செல்போன் கோபுரமும் பொறி பறக்கும் மின்கம்பியும் ரேடியோ வானியலாளர்களுக்குத் தலைவலி.

வாசகர், லெக்கையன்கோட்டை
880 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிக்னலை இந்தியா பிடித்ததாக வாட்ஸ்அப்பில் வந்தது. வேற்றுக்கிரகவாசிதானே?

வந்தது ஹைட்ரஜன். 2023-ல் அர்ணப் சக்ரவர்த்தி, நிருபம் ராய் இருவரும் ஜி.எம்.ஆர்.டி.யில் ஒற்றைக் கேலக்ஸி ஒன்றின் 21 சென்டிமீட்டர் அலையைப் பிடித்தார்கள். வழியில் நின்ற இன்னொரு கேலக்ஸியின் ஈர்ப்பு பூதக்கண்ணாடியாகி அதைச் சுமார் 30 மடங்கு பெருக்கிக் கொடுத்தது. வாட்ஸ்அப் அதை இன்னும் முப்பது மடங்கு பெருக்கியிருக்கிறது.

ஓய்வு பெற்ற தாசில்தார், திண்டுக்கல்
இதில் தமிழ்நாட்டுக்குப் பங்கே இல்லையா?

தொடக்கமே இங்கேதான் சார். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு தொலைநோக்கி. 1970-ல் வேலைக்கு வந்தது. கட்டியவர் அதே கோவிந்த் ஸ்வரூப். ஒரு ரேடியோ மூலத்தை நிலா மறைக்கும்போது சிக்னல் எந்த நொடியில், எப்படி விழுகிறது என்று அளந்து அதன் இடத்தையும் அகலத்தையும் கண்டுபிடித்தார்கள். ஓசியில் கிடைத்த திரை, மேலே நிலா! மங்கலான மூலங்கள் அளவிலும் சிறுத்திருப்பதைப் பார்த்து, பிரபஞ்சம் காலப்போக்கில் மாறி வந்திருக்கிறது என்று 1975-ல் காட்டினார்கள். அது என்றென்றைக்கும் ஒரே மாதிரி இருந்தது என்ற கொள்கைக்கு விழுந்த அடிகளில் ஒன்று ஊட்டியிலிருந்து போனது.

விவசாயி, பரப்பலாறு அணைப் பக்கம்
எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் பழனி மலைச் சரிவு அத்தனை அழகு. இங்கே அமைத்திருக்கக் கூடாதா?

அழகு சரி, திசை தப்பு. ஊட்டித் தொலைநோக்கி படுத்திருக்கும் சரிவு, அந்த ஊரின் அட்சரேகை அளவுக்கு, அதாவது சுமார் 11 பாகை, வடக்கு நோக்கி ஏறுகிறது. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். உங்கள் வாசலிலிருந்து தெரியும் மலையோ தெற்கு நோக்கி ஏறுகிறது. முருகனிடம் சொல்லி மலையைத் திருப்பி வைத்தால் பரிசீலிக்கலாம்.

சுற்றுலா வழிகாட்டி, கொடைக்கானல்
எங்கள் ஊர் ஆய்வகத்தை மறந்துவிட்டீர்களே?

மறப்பேனா! 1899-ல் தொடங்கியது, சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான். ஆனால் அவர்கள் கவனம் சூரியன் மேல். அவர்களுக்கு வரும் செய்தி எட்டு நிமிடம் பழையது. கோடத்துக்காரர்களுக்கு வருவதோ எண்ணூறு கோடி ஆண்டு பழையது. தபால் துறையைக் குறை சொல்பவர்கள் கவனிக்க.

வாசகர், ஆயக்குடி
இருப்பதிலேயே தூரமான ரேடியோ கேலக்ஸிக்கு என்ன பெயர்?

2018-ல் அந்தப் பட்டத்தைப் பெற்றது டி.ஜி.எஸ்.எஸ். ஜே1530+1049. பெயரா, லாரி நம்பரா என்று கேட்காதீர்கள். பின்பாதி அதன் வான முகவரி. அந்த 90 சதவீதக் கணக்கெடுப்பில்தான் முதலில் தட்டுப்பட்டது. அலை கிளம்பி சுமார் 1,200 கோடி ஆண்டு ஆகிறது. இந்தப் பட்டங்கள் நிலையில்லாதவை; யார் கையில் இருக்கிறது என்று ஆண்டுதோறும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வரி கட்டுபவர், இடையகோட்டை
இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் செலவு தேவையா?

ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எழும் எஸ்.கே.ஏ. என்ற உலகக் கூட்டுத் தொலைநோக்கிக்கு இந்தியா 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மட்டும் 1,31,072 ஆன்டெனாக்கள் வரும். பணத்தில் பெரும்பகுதி மின்னணுக் கருவி, மென்பொருள், அவற்றைச் செய்யும் ஆட்களுக்குத்தான் போகும். வானத்துக்கு ஒரு பைசாவும் போகாது.

பத்தாம் வகுப்பு மாணவன், தங்கச்சியம்மாபட்டி
ஜி.எம்.ஆர்.டி.யில் பார்க்க எனக்கு அனுமதி கிடைக்குமா? பெரிய இடத்துச் சிபாரிசு வேண்டுமா?

தேசிய அறிவியல் தினமான பிப்ரவரி 28-ஐ ஒட்டிப் பொதுமக்களைக் கோடத்துக்குள் விடுவார்கள். முதலில் போய்ப் பார். இயற்பியலோ மின்னணுவியலோ படித்த பிறகு, தொலைநோக்கி நேரம் கேட்டு நீயே எழுதலாம். எந்த நாட்டிலிருந்தும் எழுதலாம், கட்டணமில்லை. எதைப் பார்க்கப் போகிறாய், ஏன் என்று ஒரு குழு படித்துப் பார்த்து நேரம் தரும். சிபாரிசு வேண்டாம் தம்பி. கேள்வி நன்றாக இருந்தால் போதும்.